வெள்ளம் வடிந்த பிறகு கிணறு, சம்ப், டேங்குக்கு குளோரின் போடுவது எப்படி? கடலூர், புதுச்சேரிக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

ஐப்பசி, கார்த்திகையில் தென்பெண்ணையோ கெடிலமோ கரை புரண்டால், தாழ்வான தெருக்களில் முதலில் கெடுவது சம்பும் கிணறும்தான். தண்ணீர் வடிந்ததும் யாரைக் கேட்டாலும் “ஒரு கை பிளீச்சிங் பவுடர் அள்ளிப் போடுங்க, சரியாப் போயிடும்” என்பார்கள். அந்த ஒரு கை எத்தனை கிராம், எத்தனை லிட்டருக்கு, போட்டபின் எதைப் பார்ப்பது என்று கேட்டால் பதில் வராது. இந்த வேலையில் முட்டி மோதிய பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் அதுதான்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. குளோரின் கிருமிகளைத்தான் கொல்லும். கடல் உப்பு ஏறிய தண்ணீரை நல்ல தண்ணீர் ஆக்காது. நைட்ரேட், ஃப்ளூரைடு, ரசாயனக் கழிவு எதையும் எடுக்காது. கிரிப்டோஸ்போரிடியம் போன்ற சில ஒட்டுண்ணிகளுக்கு வழக்கமான அளவு குளோரின் போதவும் போதாது. குடிப்பதற்கு மட்டும் என்றால் நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவைப்பதே எளிது. பாத்திரம் கழுவ, பல் துலக்க, குளிக்க என்று வீடு முழுக்க ஓடும் தண்ணீருக்குத்தான் கீழே உள்ள முறை.

1. வாங்க வேண்டியவை

பிளீச்சிங் பவுடரை மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுக்கும் கடையில் வாங்காதீர்கள். புதிய, நல்ல பவுடரில் 30 முதல் 35 சதவீதம் வரை குளோரின் இருக்கும். நம் ஊர் ஈரக் காற்றில் திறந்து கிடந்தால் அது மாதாமாதம் இறங்கிக்கொண்டே போகும். சீல் உடையாத பொட்டலமா, ஐஎஸ்ஐ முத்திரை உண்டா, தயாரித்த மாதம் எது என்று பாருங்கள். கட்டி தட்டியோ பிசுபிசுப்பாகவோ இருந்தால், மூக்கில் சுரீர் என்று ஏறாவிட்டால், அதைச் சாக்கடையில் தூவத்தான் பயன்படுத்தலாம். இந்தக் கட்டுரையின் கணக்குகள் எல்லாம் 25 சதவீதம் என்று வைத்துப் போட்டவை. கடையில் கிடந்த பவுடருக்கு அதுதான் நம்பத் தக்க எண்.

நீச்சல் குள மாத்திரைகளைக் குடிநீர்த் தொட்டியில் போடாதீர்கள். வாசனை சேர்த்த துணி வெளுப்பான்களும் வேண்டாம். வெள்ள நேரத்தில் சுகாதாரத் துறையினர் தரும் குளோரின் மாத்திரை குடத்துக்கும் கேனுக்கும் நல்லது; எத்தனை லிட்டருக்கு ஒன்று என்பது அட்டையிலேயே இருக்கும், மாத்திரைக்கு மாத்திரை மாறும்.

கூடவே தேவைப்படுபவை: ஐந்து பிளாஸ்டிக் வாளி (இரும்பு, அலுமினியம் வேண்டாம், அரித்துவிடும்), மர அகப்பை, ரப்பர் கையுறை, கண்ணாடி, மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்சு, சமையலறைத் தராசு, குளோரின் பார்க்கும் கிட். கடைசி இரண்டையும் வாங்காமல் விட்டால் மற்ற வேலை எல்லாம் குத்துமதிப்புதான்.

2. எத்தனை லிட்டர் என்று கணக்குப் போடுங்கள்

வட்டக் கிணறு: விட்டம் அடியில், அதை அதாலேயே பெருக்கி, தண்ணீர் நிற்கும் உயரத்தால் (அடியில்) பெருக்கி, பிறகு 22.2 ஆல் பெருக்குங்கள். 3 அடி உறை கிணற்றில் 10 அடி தண்ணீர் நின்றால் 3 × 3 × 10 × 22.2, அதாவது ஏறக்குறைய 2,000 லிட்டர். உயரம் பார்க்கக் கயிற்றில் கல் கட்டி விட்டு, நனைந்த நீளத்தை அளந்தால் போதும்.

சதுர, செவ்வக சம்ப்: நீளம் × அகலம் × தண்ணீர் உயரம் (எல்லாம் அடியில்) × 28.3. 6 அடிக்கு 4 அடி, 5 அடி தண்ணீர் என்றால் சுமார் 3,400 லிட்டர்.

6 அங்குல போர் (ஆழ்துளைக் கிணறு): தண்ணீர் நிற்கும் ஒவ்வொரு அடிக்கும் ஐந்தரை லிட்டர். 100 அடி நின்றால் 550 லிட்டர். மாடி டேங்கில் அளவு எழுதியிருக்கும்.

3. சேறு முதலில், குளோரின் பிறகு

கலங்கலான தண்ணீரில் கொட்டும் குளோரினைச் சேறே தின்றுவிடும். மண் துகளுக்குள் ஒளிந்த கிருமிக்கு மருந்து எட்டாது. அதனால் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய மோட்டாரை எலக்ட்ரீஷியன் பார்க்காமல் ஓடவிடாதீர்கள். சம்பை முழுக்க வடித்து, அடிச் சேற்றை வாரி, சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். உறை கிணற்றை மட்டும் ஒரே மூச்சில் வற்ற இறைக்கக் கூடாது. தேவனாம்பட்டினம் போன்ற மணல் பகுதிகளில் உள்ளே தண்ணீர் சட்டென்று இறங்கினால், வெளியே நிற்கும் நீரின் அழுத்தத்தில் அடியிலிருந்து மணல் பொங்கும், உறை விலகும். பாதி இறையுங்கள், ஊற விடுங்கள், மறுபடி இறையுங்கள். தண்ணீர் தெளியும் வரை இப்படியே.

கிணற்றிலோ மூடிக் கிடந்த சம்பிலோ தனியாக இறங்கவே கூடாது. அடியில் விஷவாயு தங்கியிருக்கலாம், பிராணவாயு குறைந்திருக்கலாம். இறங்கியவரைக் காப்பாற்ற இறங்கிய இரண்டாவது ஆளும் செத்துப்போவது இதில் வழக்கமாக நடப்பது. மூடியைத் திறந்து வெகுநேரம் காற்றாட விடுங்கள், கூடுமானவரை நீண்ட கைப்பிடித் துடைப்பத்தால் வெளியே நின்றே தேயுங்கள். டீசல் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டாதீர்கள்.

4. அதிரடி டோஸ்: ஒரே ஒரு முறை

சுத்தம் செய்து தண்ணீர் ஊறியதும் கிணறு, குழாய், டேங்க் மொத்தத்தையும் ஒரு தடவை வலுவான குளோரினால் கழுவ வேண்டும். இலக்கு லிட்டருக்கு 50 மில்லிகிராம். 25 சதவீதப் பவுடரில் அது 1,000 லிட்டருக்கு 200 கிராம். மேலே சொன்ன 2,000 லிட்டர் கிணற்றுக்கு 400 கிராம். 3,400 லிட்டர் சம்புக்கு 680 கிராம்.

பவுடரை அப்படியே கிணற்றில் தூவுவதுதான் ஊர் வழக்கம். வேண்டாம். அதில் பெரும்பங்கு சுண்ணாம்பு. அது அடியில் படிந்து தண்ணீரின் கடினத்தன்மையைக் கூட்டும், மோட்டார் உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வில் அடைக்கும். செய்ய வேண்டியது இது:

ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் போடாதீர்கள். கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தோசை மாவு பதத்துக்குக் குழையுங்கள். பிறகு கலக்கியபடியே முக்கால் வாளி வரை தண்ணீர் சேருங்கள். பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் இறங்கி, மேலே இளமஞ்சள் சாயலோடு தெளிவு நிற்கும். அந்தத் தெளிவை மட்டும் இன்னொரு வாளிக்கு இறுத்து, கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கி, தண்ணீருக்குள் மேலும் கீழுமாக ஆட்டிக் கலக்குங்கள். அடியில் தங்கிய வெள்ளைச் சேற்றைச் சாக்கடையில் ஊற்றலாம், ஆனால் அங்கே ஆசிட் ஊற்றியிருக்கக் கூடாது. கழிவறை ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சைப் பிடித்துவிடும். இந்த வேலை முழுக்கக் காற்றோட்டமான இடத்தில்தான்.

போர் என்றால் தெளிவை மட்டும் கேசிங் (போரின் வெளிக்குழாய்) வாய் வழியே ஊற்றுங்கள். பின்பு மோட்டாரைப் போட்டு, ஹோஸ் பைப்பைத் திரும்பக் கேசிங்குக்குள்ளேயே விட்டு ஒரு மணி நேரம் சுற்றவிடுங்கள்.

அடுத்து, தண்ணீரை மாடி டேங்குக்கு ஏற்றி, வீட்டுக் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து, குளோரின் வாடை வந்ததும் மூடுங்கள். துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் போகும் குழாயையும் மறக்காதீர்கள். ஆனால் ஆர்ஓ இயந்திரத்துக்கும் கீசருக்கும் போகும் வால்வுகளை முன்பே மூடிவிட வேண்டும். இந்த அளவு குளோரின் ஆர்ஓ சவ்வைக் கெடுத்துவிடும், மாற்றும் செலவு இந்த மொத்த வேலையின் செலவைவிடப் பெரிது.

இரவு முழுக்க, 12 மணி நேரம் வையுங்கள். 24 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், உலோகப் பாகங்கள் அரிக்கும். அந்த நேரத்தில் யாரும் இந்தத் தண்ணீரைக் குடிக்கவோ குளிக்கவோ கூடாது. இரண்டு நாளைக்கு வேண்டியதை முன்பே குடங்களில் பிடித்து மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் எல்லாவற்றையும் இறைத்து வெளியேற்றுங்கள்; உறை கிணறு என்றால் முன்பு சொன்னபடி விட்டு விட்டு. தெரு வடிகாலில் விடலாம். செடிக்கும், மீன் வளர்க்கும் குட்டைக்கும், செப்டிக் டேங்குக்கும் விடாதீர்கள். செப்டிக் டேங்கில் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் செத்தால் வேறு தலைவலி தொடங்கும். மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் சில நாளைக்கு இந்தத் தண்ணீரைத் தொட்டியில் மாற்ற வேண்டாம்.

5. அன்றாட அளவைக் கண்டுபிடிக்கும் வாளிச் சோதனை

புத்தகக் கணக்கு 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பவுடர். அது தெளிந்த, சுத்தமான தண்ணீருக்குச் சொன்னது. உங்கள் தண்ணீருக்கு எவ்வளவு வேண்டும் என்பதை உங்கள் தண்ணீர்தான் சொல்லும். அரை மணி நேர வேலை.

முதலில் ஒரு சதவீத குளோரின் நீர்மம் தயாரியுங்கள்: 40 கிராம் பவுடரைக் குழைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி, தெளியவைத்து, தெளிவை ஒளி புகாத கேனில் ஊற்றி மூடுங்கள். இதில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் குளோரின். ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். கேன் மேல் பெரிதாக எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

ஐந்து வாளிகளில் தலா 10 லிட்டர் தண்ணீர். சிரிஞ்சால் முதல் வாளியில் 1 மில்லி, அடுத்ததில் 2, பிறகு 3, 4, 5. நன்றாகக் கலக்கி, வெயில் படாத இடத்தில் அரை மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு கிட்டால் ஒவ்வொன்றையும் பாருங்கள். எந்த வாளியில் முதன்முதலாக லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிஞ்சியிருக்கிறதோ, அதுதான் உங்கள் அளவு.

வாளியில் போட்ட ஒவ்வொரு மில்லிக்கும், தொட்டியில் 1,000 லிட்டருக்கு 100 மில்லி. மூன்றாவது வாளி தேறினால், 3,400 லிட்டர் சம்புக்கு 3 × 100 × 3.4, ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர்மம். சம்ப் நிரம்பிய பின் ஊற்றி, அரை மணி நேரமாவது கழித்து மாடிக்கு ஏற்றுங்கள். இரவில் ஊற்றிக் காலையில் ஏற்றுவது இன்னும் வசதி. மாடி டேங்க் மூடி இறுக்கமாக இருக்கட்டும், வெயில் குளோரினைத் தின்னும்.

ஐந்து வாளியும் தேறவில்லையா? பவுடர் செத்திருக்கலாம். இல்லையென்றால் தண்ணீரில் இரும்போ சாக்கடைக் கலப்போ இருக்கிறது. நம் பக்கத்துப் பல போர்களில் இரும்பு உண்டு. குளோரின் போட்டதும் தண்ணீர் செம்பழுப்பாக மாறினால் பயப்படாதீர்கள், கரைந்திருந்த இரும்பு வெளியே வந்து படிகிறது. ஒரு மில்லிகிராம் இரும்புக்கு அரை மில்லிகிராமுக்குச் சற்று மேல் குளோரின் செலவாகும். தெளியவிட்டு வடித்து, மறுபடி சோதியுங்கள். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரையும் போர் தண்ணீரையும் ஒரே சம்பில் விடும் வீடுகளில், குழாய்த் தண்ணீரோடு வந்த குளோரினை போர் தண்ணீர் தின்றுவிடும். இரண்டையும் பிரித்து வைக்க முடிந்தால் பாதிச் சிக்கல் போய்விடும்.

6. மிஞ்சிய குளோரினைப் பார்ப்பது

இந்தியக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500 சொல்வது: குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம், வைரஸ் தொற்று அச்சம் இருந்தால் குறைந்தது 0.5. மேல் வரம்பு 1. வெள்ளக் காலத்தில் 0.5-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள். அளக்க வேண்டியது சம்பில் இல்லை, அடுப்படிக் குழாயில்.

கிட் இரண்டு வகை. ஆர்த்தோடொலிடின் சொட்டு விட்டால் மஞ்சள் வரும், டிபிடி (DPD) என்ற மருந்து போட்டால் இளஞ்சிவப்பு. ஊராட்சிகளில் மேல்நிலைத் தொட்டி இயக்குபவர்கள் கையில் இருக்கும் குளோரோஸ்கோப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது; பக்கத்தில் இருந்தால் ஒரு தடவை அவர் கருவியோடு உங்களுடையதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். புதிதாக வாங்குவதென்றால் டிபிடியே மேல். ஆர்த்தோடொலிடின் சொட்டு நச்சுத்தன்மை உள்ளது. சோதித்த தண்ணீரைப் பாத்திரத்தில் திரும்ப ஊற்றாதீர்கள். சொட்டு விட்ட சில விநாடிகளுக்குள் நிறத்தைப் படிக்க வேண்டும், நேரம் போகப் போக அமோனியாவோடு ஒட்டி வலு குறைந்த குளோரினும் சேர்ந்து நிறம் ஏறும். இரும்பு, மாங்கனீசு உள்ள தண்ணீரில் குளோரினே இல்லாமலும் மஞ்சள் காட்டலாம்.

டிபிடியிலும் ஒரு பொறி இருக்கிறது. குளோரின் அளவுக்கு மீறி இருந்தால் வந்த சிவப்பையே அது வெளுத்துவிடும். சோதனைக் குழாய் நிறமற்று நிற்கும், நீங்கள் “ஒன்றுமே இல்லை” என்று இன்னும் கொட்டுவீர்கள். மூக்கைத் துளைக்கும் வாடை இருந்தும் நிறம் வராவிட்டால், ஒரு பங்குத் தண்ணீரோடு ஒன்பது பங்கு புட்டித் தண்ணீர் கலந்து மறுபடி பாருங்கள். வரும் எண்ணைப் பத்தால் பெருக்குங்கள்.

வாடையை மட்டும் நம்பி அளவைக் குறைப்பதும் தவறு. ஆஸ்பத்திரி வாடை போலக் குமட்டும் நெடி, பல நேரங்களில் குளோரின் பற்றாமல் கழிவின் அமோனியாவோடு ஒட்டிக்கொண்டதால் வருவது. அங்கே குறைப்பது எதிர்த்திசையில் போவது. கிட் சொல்வதைப் பாருங்கள்.

7. சம்ப் இல்லாமல் கிணற்றையே நம்பும் வீடுகளுக்கு

இரட்டைப் பானை முறை வேலை செய்கிறது. ஒரு கிலோ பவுடரோடு இரண்டு கிலோ பருமணல் கலந்து ஈரமாக்கி உள்பானையில் நிரப்ப வேண்டும். உள்பானையில் மேல்பக்கமும், வெளிப்பானையில் அடிப்பக்கமும் ஒரு சென்டிமீட்டர் துளை. ஒன்றுக்குள் ஒன்றை வைத்து வாயைப் பாலிதீனால் கட்டி, தண்ணீர் மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே தொங்கவிடுங்கள். ஒரு நாளைக்கு 400 லிட்டர் போல இறைக்கும் 4,500 லிட்டர் கிணற்றுக்கு இரண்டு மூன்று வாரம் வரும். ஒற்றைப் பானை சின்னக் கிணற்றுக்கு ஆகாது, முதல் சில நாள் குளோரின் அதிகமாகி வாயில் வைக்க முடியாது.

8. செலவும் நேரமும்

பவுடர் செலவு சொற்பம். கிலோ 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் அதிரடி டோஸுக்கு சம்புக்கு 55 ரூபாய் ஆகாது. அன்றாடச் செலவு 1,000 லிட்டருக்குச் சில்லறைக் காசுதான். பணம் போவது சேறு வாரும் கூலிக்கும் பம்ப் வாடகைக்கும். வெள்ளம் வடிந்த முதல் வாரத்தில் இரண்டுக்கும் ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு, அதனால் பவுடரும் கிட்டும் புரட்டாசியிலேயே வாங்கி வையுங்கள். வேலைக்கு முழுதாக இரண்டு நாள் ஒதுக்குங்கள்: முதல் நாள் சேறும் மாலையில் டோஸும், மறுநாள் வெளியேற்றலும் வாளிச் சோதனையும். குத்தகைக்கோ வாடகைக்கோ இருப்பவர்கள் கூலிச் சீட்டு, பவுடர் ரசீது, சேற்றோடு இருந்த சம்பின் படம் மூன்றையும் வைத்திருங்கள். வீட்டுக்காரரிடம் செலவைப் பேசும்போது உதவும்.

9. லேபுக்கு அனுப்புவது

அதிரடி டோஸ் கொடுத்த கையோடு மாதிரி எடுத்தால் கிருமி இல்லை என்றுதான் வரும், அதில் அர்த்தமில்லை. ஒரு வாரம் பத்து நாள் பொறுத்து எடுங்கள். கடலூர்ப் பக்கம் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கேட்கலாம். புதுச்சேரியில் குடிநீர் வழங்குவது பொதுப்பணித் துறை, அங்கே விசாரியுங்கள். கட்டணமும் மாதிரி வாங்கும் நாளும் நேரமும் முதலில் கேட்டுவிட்டுப் போங்கள்.

கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகம் தரும் சுத்திகரித்த புட்டிதான் வேண்டும். அதில் இருக்கும் தயோசல்ஃபேட், தண்ணீரில் மிச்சமுள்ள குளோரினை அடக்குவதற்காகப் போட்டது, கழுவிவிடாதீர்கள். குழாய் முனையைத் தீயில் வாட்டி, இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, மூடியின் உள்பக்கம் கை படாமல் பிடியுங்கள். ஐஸ் வைத்து, ஆறு மணி நேரத்துக்குள் கொண்டு சேருங்கள். ரசாயனப் பரிசோதனைக்குத் தனியாக இரண்டு லிட்டர் சுத்தமான கேன். சீட்டில் பெயர், முகவரி, கிணறா போரா, ஆழம், எடுத்த நாள், நேரம், கடைசியாகக் குளோரின் போட்ட நாள் எழுதுங்கள். மெஸ், சிற்றுண்டிக் கடை நடத்துபவர்களிடம் உணவு உரிமத்துக்கு இந்த அறிக்கையைக் கேட்கக்கூடும், அசலைப் பத்திரமாக வையுங்கள்.

அறிக்கையில் 100 மில்லியில் ஈ.கோலி (மலக் கழிவு கலந்ததைக் காட்டும் கிருமி) இருக்கவே கூடாது. இருந்தால் ஒரு முறை அதிரடி டோஸைத் திரும்பச் செய்யலாம். அதற்குப் பிறகும் வந்தால் பவுடரைக் குறை சொல்லிப் பயனில்லை, எங்கிருந்தோ கழிவு உள்ளே இறங்குகிறது. கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் இடையே 50 அடியாவது இருக்கிறதா, பக்கத்து வீட்டுச் செப்டிக் டேங்க் எங்கே, உறையின் மேல் மூன்று நான்கு வளையங்களின் இணைப்பு பூசப்பட்டிருக்கிறதா, கிணற்றைச் சுற்றி சிமெண்டுத் தளம் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். சிறிய மனைகளில் 50 அடி தள்ளி வைக்க இடமே இருக்காது. அப்படியானால் கிணற்றுக்குள் குளோரின் போடுவதை நிறுத்திவிட்டு, தண்ணீரைச் சம்புக்கு ஏற்றி அங்கே நாள் தவறாமல் போடுங்கள். குடிக்கும் தண்ணீரை அதற்குப் பிறகும் கொதிக்கவைத்தே குடியுங்கள்.